பௌல்ஸ் ஆடுபவர்களுக்கான குழுச் சுற்றுலா: மாமனாரை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். மாமனாருக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பக்கத்துக் கிளப்பில் லான் பௌல்ஸ் ஆடுகிறார். கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார்: சைப்ரஸில் ஏழு இரவுகள், தினமும் ஆட்டம், கூடவே ஒரு பொறுப்பாளர் வருவார். மாமியார் ஆடுவதில்லை. இது பணம் கொடுத்துப் போகத் தகுந்ததா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

தாராளமாகப் போகலாம். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் நீச்சல் குளத்தையும் கடற்கரையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் பதினான்கு ஆண்டுகளாக ஒரு கிளப்பில் ஆடுகிறேன். இப்படிப்பட்ட பயணங்கள் ஆறு போயிருக்கிறேன். அவற்றில் இரண்டு, ஏன் வந்தோம் என்று நினைக்க வைத்தவை. அந்த இரண்டிலும் ஹோட்டல் நன்றாக இருந்தது, திடல் நன்றாக இருந்தது, வெயில்கூட அளவாகத்தான் இருந்தது. சரியில்லாதவர் உடன் வந்த பொறுப்பாளர் மட்டும்தான். ஹோட்டலும் விமானமும் நாமே ஏற்பாடு செய்துகொள்ளக் கூடியவை. நம்மால் ஏற்பாடு செய்ய முடியாதது, காலையில் குலுக்கல் போட்டு, முன்பின் தெரியாத முப்பது பேரை அணிகளாகப் பிரித்து, ஒருவருக்கும் மனம் கோணாமல் ஆடவைக்கும் ஆள். நீங்கள் கொடுக்கும் பணம் அவருக்காகத்தான்.

ஆட்டம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக நாலு வரி. ஜாக் என்னும் சிறிய பந்தை முதலில் உருட்டி நிறுத்திவிட்டு, அதற்கு மிக அருகில் தங்கள் பந்துகளைச் சேர்ப்பதுதான் பௌல்ஸ். பந்து முழு உருண்டையாக இருக்காது. ஒரு பக்கம் சற்றே வேறு வடிவில் செதுக்கப்பட்டிருப்பதால் நேராகப் போகாமல் வளைந்து போகும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்களே, அதே ஆட்டம்தான். அதற்கு முன் நான் எங்கே போகிறேன் என்று உறவினர்களுக்கு விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆகும். அந்த ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அந்தக் கவலை விட்டது.

இனி பொறுப்பாளருக்கு வருகிறேன். நல்லவர் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை என் மூன்றாவது பயணத்தில், ஸ்பெயினில் பார்த்தேன். முதல் நாள் காலை ஒன்பதரை மணி. திடலின் ஓரத்தில் எல்லோரும் அவரவர் கிளப் சட்டையில், அவரவர் ஊர்க்காரர்களோடு ஒட்டி நிற்கிறோம். அவர் ஒன்றும் பேசாமல் திடலின் நடுவில் போய் ஜாக்கை வைத்துவிட்டு வந்தார். எங்களை நான்கு பக்கமும் வரிசையாக நிற்கச் சொன்னார். விசில் ஊதியதும் முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு பந்தை ஒரே நேரத்தில் நடுவை நோக்கி உருட்டினோம். ஸ்பைடர் என்று இதற்குப் பெயர். பந்துகள் ஒன்றோடொன்று முட்டிச் சிதறின; பாதி வழியிலேயே சில பந்துகள் படுத்துவிட்டன. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவருடைய பந்து எதிர் வரிசைக்காரர் காலடியில் போய் நின்றது. போன வருடம் ஆடத் தொடங்கிய ஒரு பாட்டியம்மாவின் பந்து ஜாக்கை ஒட்டி உட்கார்ந்தது. ஒரு பாட்டில் ஒயின் பரிசு. அதற்குப் பிறகு யாருக்கும் யாரிடமும் கூச்சமில்லை. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் அதைச் செய்யத் தோன்ற வேண்டுமே.

அதன் பிறகு அவர் மூன்று துணிப்பைகளை எடுத்தார். ஸ்கிப் ஆடுபவர்களின் எண்கள் ஒரு பையில், இரண்டாவது இடத்தில் ஆடுபவர்கள் இன்னொன்றில், முதலில் ஆடும் லீட்கள் மூன்றாவதில். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு வில்லை எடுத்தால் மூவர் அணி தயார். இதைத்தான் இடவாரிக் குலுக்கல் என்கிறேன். உங்கள் மாமனாரைப் போல இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இது மிக முக்கியம். ஸ்கிப் என்பவர் எதிர்முனையில் நின்று, எந்தப் பக்கம் வளைத்துப் போடு, எவ்வளவு பலம் கொடு என்று வழிகாட்டிவிட்டுக் கடைசியில் ஆடுபவர். ஆட்டத்தின் சுமை அவர் தலையில். எல்லோர் பெயரையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால், மூன்று ஸ்கிப்கள் ஒரே அணியில் சேர்ந்து வாக்குவாதம் செய்வார்கள். பக்கத்துத் தடத்தில் மூன்று புதியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் சொன்ன இரண்டு மோசமான பயணங்களில் ஒன்றில் குலுக்கலே கிடையாது. ஒரே கிளப்பிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பொறுப்பாளர் அவர்களுக்குப் பழைய நண்பர். "நீங்களே உங்களுக்குள் பிரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். தனியாக வந்த நாங்கள் ஐந்து பேர் மிச்சம். மூன்றுக்கு இரண்டு என்று ஆடினோம். கணவரை இழந்து முதல்முறையாகத் தனியே வந்திருந்த ஓர் அம்மா நான்காம் நாள் திடலுக்கே வரவில்லை. அவர் ஆட வரவில்லை என்பதைப் பொறுப்பாளர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்; மின்னஞ்சல் அனுப்பினால் விளம்பர வாசகமே திரும்ப வரும். உடன் வரப்போகிறவர் யார், அவரே பௌல்ஸ் ஆடுபவரா? பல நிறுவனங்கள் முன்னாள் சர்வதேச ஆட்டக்காரர்களின் பெயரைப் போட்டு விற்கும். பெரிய பெயர் இருந்தால் நல்லதுதான், ஆனால் நன்றாக ஆடுபவருக்கு நன்றாக ஆள் பிரிக்கத் தெரியும் என்று கட்டாயமில்லை. அணிகளைத் தினமும் மாற்றுவார்களா, இடவாரியாகக் குலுக்குவார்களா என்று கேளுங்கள். ஒரே கிளப்பிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேளுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே கூட்டம் என்றால் மாமனார் அவர்கள் வீட்டு விருந்துக்குப் போன வெளியாள் மாதிரி இருப்பார். இந்தக் கேள்விகளுக்கு உடனே, தடுமாறாமல் பதில் வந்தால் பாதி நம்பிக்கை வைக்கலாம். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

அடுத்தது திடல். மாமனாருக்கு முதல் நாளே மனம் உடையப்போகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். திடலின் வேகத்தை நொடிக் கணக்கில் சொல்வார்கள்: உருட்டிய பந்து 27 மீட்டர் தூரம் போய் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பது கணக்கு. நொடி கூடினால் திடல் வேகமானது. முதலில் கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மெதுவான புல்லில் பந்து சீக்கிரம் இழுத்துப் பிடிக்கப்படும், ஆகவே ஓங்கித் தள்ள வேண்டும். தள்ளிய வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்கும். வேகமான திடலில் மெல்ல விட்டாலே போதும், வழுக்கிக்கொண்டு நிதானமாகப் போய் நிற்கும். அதனால்தான் நேரம் கூடுகிறது. பிரிட்டனின் புல்திடல்கள் பெரும்பாலும் 10 முதல் 12 நொடி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14-க்கு மேல் சாதாரணம். சைப்ரஸ், ஸ்பெயின் போன்ற இடங்களில் கோடையில் நல்ல புல்லைக் காப்பாற்றுவது பெரும்பாடு என்பதால் பல திடல்கள் செயற்கை விரிப்புகள்; அவையும் இங்கிலாந்துப் புல்லைவிட வேகமானவை.

இதன் விளைவு என்னவென்றால், மாமனாரின் கைக்கு இரண்டு ஆண்டாகப் பழகிய பலம் அங்கே அதிகப்படி. பந்து ஜாக்கைக் கடந்து, திடலின் கோடியில் இருக்கும் குழியில் போய் விழும். பலத்தைக் குறைத்தால், பந்து நீண்ட நேரம் உருளுவதால் வளைவும் கூடும். முன்பு ஒரு மீட்டர் விலக்கிப் போட்ட இடத்தில் இப்போது இரண்டு மீட்டர் விலக்க வேண்டியிருக்கும். முதல் காலையில் என் பந்துகள் பக்கத்துத் தடத்துக்காரர்களின் ஆட்டத்துக்குள் விருந்தாளியாகப் போய் நின்றதும், நான் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டதும் நினைவில் இருக்கின்றன. கடலோரம் என்றால் காற்று வேறு. நல்ல பொறுப்பாளர் முதல் நாளில் மதிப்பெண் கணக்கே வைக்கமாட்டார். பழகுவதற்கென்று ஒரு வேளையை விட்டுவிடுவார். நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமனார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பயணத்துக்கு முந்தைய மாதம் ஏதாவது ஓர் உள்ளரங்கக் கிளப்பில் நாலைந்து முறை ஆடச் சொல்லுங்கள். அங்கே விரிப்பு, வெளிப்புல்லைவிட வேகம் அதிகம். பிரிட்டனில் வெளித்திடல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும், குளிர்காலம் முழுக்க உள்ளரங்கம்தான். மார்ச், ஏப்ரலில் பயணம் என்றால் அது வசதியாகவே பொருந்தும். சைப்ரஸுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் சரியான பருவங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முப்பது டிகிரிக்கு மேல் கொளுத்தும் வெயிலில் விரிப்பின் மீது மூன்று மணி நேரம் நிற்பதை 68 வயதில் யாரும் விடுமுறை என்று சொல்லமாட்டார்கள்.

உடம்புக் கணக்கையும் போட்டுவிடுவோம். மூவர் ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று பந்துகள், 18 எண்ட் (எல்லோரும் தங்கள் பந்துகள் எல்லாவற்றையும் உருட்டி முடிக்கும் ஒரு சுற்றுதான் எண்ட்). அதாவது ஓர் ஆட்டத்தில் 54 முறை முழங்காலை மடக்கிக் குனிந்து பந்தை விட வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஐந்து நாள் ஆடினால் 540 முறை. கிளப்பில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுபவருக்கு இது திடீர்ச் சுமை. நாளுக்கு ஒரே ஆட்டம், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்ற அமைப்புத்தான் என் கட்சி. "தினமும் வரம்பில்லா ஆட்டம்" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் பாருங்கள், பாதிப் பேர் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் இருப்பார்கள். முழங்கால் ஏற்கெனவே தகராறு என்றால், பந்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு குனியாமலே உருட்ட உதவும் கோல் ஒன்று உண்டு, பௌலிங் ஆர்ம் என்பார்கள். உள்ளூரிலேயே பழகிக்கொண்டு எடுத்துப் போகட்டும். முறையான போட்டிகளில் அதற்கு முன்கூட்டியே அனுமதி தேவைப்படலாம். சுற்றுலாவில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

மாமியார் விஷயத்தில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி: திடல் எங்கே இருக்கிறது? ஹோட்டல் வளாகத்திலேயே இருந்தால் கவலையில்லை. அவர் கடற்கரைக்குப் போகலாம், படிக்கலாம், பதினொரு மணிக்கு வந்து ஒரு தேநீரோடு கொஞ்சம் வேடிக்கை பார்க்கலாம். திடல் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்றால், ஒன்று அவரும் கூடவே போய் வெயிலில் உட்கார வேண்டும், இல்லை ஆறு மணி நேரம் அறையில் தனியாக இருக்க வேண்டும். ஆடாதவர்களுக்கென்று தனி உலாக்கள் உண்டா, அவற்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் போகிறாரா என்று கேளுங்கள். ஒரே பொறுப்பாளர் என்றால் அவர் திடலைவிட்டு நகரமாட்டார். சில பயணங்களில் புதியவர்களுக்கு ஒரு காலைப் பயிற்சி வைத்திருப்பார்கள், மாமியாரைச் சேர்த்துவிடுங்கள். வேண்டாம் வேண்டாம் என்று போனவர்கள் திரும்பி வந்து சொந்தப் பந்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம் என்பது பெரிய வசதி.

பணத்துக்குப் பாதுகாப்பு எப்படி என்பதையும் பார்த்துவிடுங்கள். விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் விற்றால், நிறுவனம் மூழ்கினாலும் பணத்தைக் காக்கும் அட்டோல் (ATOL) சான்றிதழ் தர வேண்டும். பணம் கட்டியதும் கையில் வந்தாக வேண்டும். இது போக 2018-ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றில் குழுப் பயணத்துக்கு முக்கியமான ஒன்று: போதிய ஆள் சேரவில்லை என்று நிறுவனம் பயணத்தை ரத்து செய்யலாம், ஆனால் ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் குறைந்தது 20 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், பணத்தையும் முழுதாகத் திருப்ப வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நீங்கள் விலகிக்கொள்ளலாம். மாமனாருக்குப் போக முடியாமல் போனால், ஏழு நாள் முன்பே தெரிவித்து வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். அதற்காகும் செலவை மட்டும் கேட்பார்கள்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கிளப் செயலாளரே லாப நோக்கமில்லாமல், எப்போதாவது, உறுப்பினர்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யும் பயணத்துக்கு இந்த விதிகள் பொருந்தாது. அறிவிப்புப் பலகையில் இருந்தது எந்த வகை என்று முதலில் பாருங்கள். கிளப் பயணங்கள் மலிவு, பழகிய முகங்கள், எனக்குப் பிடித்தவையும்கூட. ஆனால் செயலாளர் யாரோ ஒரு ஹோட்டலுக்குத் தன் கணக்கிலிருந்து முன்பணம் அனுப்பி, அந்த ஹோட்டல் மூடிவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது?

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். மாமனார், மாமியாரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் அதை நிறுவனத்திடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வருபவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் என்று நினைத்துத்தான் அவர்கள் தகவல் தாளை அச்சடிக்கிறார்கள். பயணக் காப்பீட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தேசிய மருத்துவ சேவை தரும் உலகளாவிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை (GHIC) அங்கே அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும், ஆனால் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவை ஏற்காது.

நடுவில் ஒரு நாள் உள்ளூர்க் கிளப்போடு நட்பு ஆட்டம் இருக்கும். அங்கே குடியேறிய ஓய்வுபெற்ற பிரிட்டிஷ்காரர்கள் நடத்தும் கிளப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை, கால்சட்டை கேட்பார்கள். மற்ற நாட்களில் அவரவர் விருப்பம். ஆட்டம் முடிந்ததும் தேநீர், பரிசுச் சீட்டு, இரு தரப்புத் தலைவர்களும் சின்னக் கொடிகளை மாற்றிக்கொள்வது என்று நேரம் போகும். மாமனாரின் கிளப் பேட்ஜ்கள் நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள், கேட்பார்கள். 1541-இல் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டப்படி தொழிலாளிகள் கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும்தான் இதை ஆடலாம், அதுவும் எஜமானர் வீட்டில். இன்றைக்கு ஓய்வூதியக்காரர்கள் விமானம் ஏறிப் போய் ஆடுவதை அந்த மனிதர் பார்த்திருக்க வேண்டும்.

பந்துகளைச் சொந்தமாக எடுத்துப் போக வேண்டும். அங்கே வாடகைக்குக் கிடைக்கும்தான், ஆனால் கைக்குப் பொருந்தாத அளவு என்றால் ஒரு வாரமும் வீண். ஒவ்வொரு வகைப் பந்துக்கும் வளைவும் வேறு. ஒரு பந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, நான்கும் சேர்ந்து ஆறு கிலோவை நெருங்கும். கையில் எடுத்துப் போகும் பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்-ரே திரையைப் பார்ப்பவருக்கு நான்கு கரிய உருண்டைகள் தெரியும், பிறகு பேச்சுவார்த்தைதான். பெட்டியிலேயே வையுங்கள், காலுறைகளில் சுற்றி, இரண்டை மாமனார் பெட்டியிலும் இரண்டை மாமியார் பெட்டியிலும். மூன்று பந்து ஆட்டம் என்றால் நான்காவதை வீட்டிலேயே விட்டுவிடலாம். எத்தனை பந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிகால் இல்லாத தட்டையான ஷூவை மட்டும் எக்காரணம் கொண்டும் மறக்க வேண்டாம். அது இல்லாமல் திடலில் கால் வைக்க விடமாட்டார்கள், அங்கே போய் அவசரத்துக்கு வாங்க முயன்றால் அவர் அளவில் கிடைக்காது.